சேர் பொன்னம்பலம் இராமநாதன்: ஒரு குடும்பத்தின் தருமம் சென்ற வழி

இலங்கையில் தமிழ்ப் பெண்களின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரைத் தவிர்த்துச் செல்ல முடியாது. சட்ட அறிஞர், சட்டசபை உறுப்பினர், சொலிசிற்றர் ஜெனரல், சமய உரையாசிரியர் என அவருக்குப் பல முகங்கள் உண்டு. அவற்றைப் பற்றிய நூல்களும் பல. இக்கட்டுரை அவர் வாழ்வின் ஓர் இழையை மட்டும் பின்தொடர்கிறது. கையில் செல்வம் இருந்த ஒரு குடும்பம் அதை எந்த நற்பணிக்குக் கொடுப்பதெனத் தீர்மானித்தது எப்படி? கொடுத்த பின்னர் அப்பணியைத் தாங்கி நின்றது எப்படி? அந்தத் தருமம் எவரைச் சென்றடைந்தது, எவரைச் சென்றடையவில்லை? நூறு ஆண்டு கண்ட ஒரு பழைய மாணவியர் சங்கம் தன் உதவியை யாருக்கு, எப்படிக் கொடுப்பதென யோசிக்கும் வேளையில் இக்கேள்விகள் நமக்கும் உரியவை.

இராமநாதனின் முன்னோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்தவர்கள். தந்தையார் கேற் முதலியார் பொன்னம்பலம் கொழும்பில் செல்வாக்கோடு வாழ்ந்தவர். அக்காலத்தில் செல்வமுள்ள சைவக் குடும்பம் ஒன்று தருமம் செய்ய நினைத்தால், கோயில், மடம், அன்னதானம், குளம் என்ற வழிகளே கண்முன் இருந்தன. பொன்னம்பல முதலியாரும் அவ்வழியே சென்றார். 1850களில் கொழும்பு கொச்சிக்கடையில் நிலம் வாங்கிச் சிவன் கோயில் ஒன்றை எழுப்பினார். இன்று பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் என நாம் வணங்குவது அதுவே. துறைமுகத்துக்கு அண்மையில், பிழைப்புத் தேடி வந்த தமிழர் கூடும் இடத்தில், கொழும்பில் சைவருக்கென ஒரு நிழல் உண்டானது.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். குமாரசுவாமி மூத்தவர், அருணாசலம் இளையவர். மூவரும் பிற்காலத்தில் பொதுவாழ்வில் பெயர் பெற்றார்கள். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்தவர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த இராமநாதன் கொழும்பு அக்கடமியிலும், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்றார். ஊர் திரும்பிச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1879இல் மாமனார் காலமானபோது சட்டசபையில் தமிழர் ஆசனம் வெறுமையானது. அப்போது யாழ்ப்பாணத்தில் இராமநாதனுக்காகக் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். வண்ணார்பண்ணையில் கூட்டம் கூட்டி, இளைஞரான இராமநாதனே அந்த ஆசனத்துக்குத் தக்கவர் என வற்புறுத்தினார். அதே ஆண்டின் இறுதியில் நாவலரும் மறைந்தார். இந்தத் தொடர்பு இராமநாதனின் பிற்கால வாழ்வில் ஆழமான தடம் பதித்தது. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அதை நடத்தப் பொருள் தேடி வாழ்நாள் முழுவதும் அலைந்தவர். பாடசாலையைத் தொடங்குவதற்கு ஒரு நாள் போதும், ஆண்டுதோறும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதே உண்மையான சுமை என்பதை நாவலரின் வாழ்வைக் கண்டவர் எவரும் அறிந்திருப்பர்.

சட்டசபையில் 1892 வரை இருந்த இராமநாதன், ஏழைகளின் சிறு சேமிப்புக்கு உதவும் தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி 1885இல் உருவாவதற்கும், வெசாக் தினம் விடுமுறை நாளாவதற்கும் உழைத்தவர்களில் ஒருவர். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றினார். இக்காலத்தில் தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு சைவ சாத்திரங்களில் மூழ்கினார். மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஒரு சைவர் என்ற நிலையில் நின்று உரை எழுதினார். 1905, 1906 ஆண்டுகளில் அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினார். அரச பதவியிலிருந்து விடுபட்டபோது அவருக்கு வயது 55. வருமானமும் நிலபுலன்களும் இருந்தன, நேரமும் கிடைத்தது. அவரது தருமப் பணியின் பெரும்பகுதி அதன் பின்னரே நிகழ்ந்தது.

முதலில் அவர் கை வைத்தது தந்தையாரின் கோயிலிலேதான். 1907இல் தொடங்கி, தென்னிந்தியச் சிற்பிகளின் கைவண்ணத்தில் கொச்சிக்கடைக் கோயிலை முழுவதும் கருங்கல்லால் புதுப்பித்து, 1912இல் குடமுழுக்குச் செய்தார். இது மரபு வழித் தருமம். தந்தை தொடங்கியதை மகன் நிறைவு செய்தார். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே அவர் எண்ணம் இன்னொரு திசையிலும் சென்றுகொண்டிருந்தது. அந்தத் திசை குடும்பத்தில் எவரும் முன்னர் போகாதது.

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு நல்ல ஆங்கிலக் கல்வி அப்போது இல்லாமலில்லை. அமெரிக்க மிஷன் 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது. வெஸ்லியன் மிஷனின் வேம்படியும், அங்கிலிக்கன் மிஷனின் சுண்டிக்குளியும் பின்னர் எழுந்தன. அவை செய்த தொண்டை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆனால் மகளைப் படிக்க வைக்க விரும்பிய சைவப் பெற்றோருக்கு ஓர் இக்கட்டு இருந்தது. படிப்பு வேண்டுமானால் மிஷன் விடுதிக்கு அனுப்ப வேண்டும். அங்கே மதம் மாறிவிடுவாளோ என்ற அச்சம் இருந்தால் வீட்டில் நிறுத்திவிட வேண்டும். பலர் நிறுத்தினார்கள். ஆண்பிள்ளைகளுக்குச் சைவக் கல்லூரிகள் எழுந்துவிட்டன. பெண்பிள்ளைகளுக்கு அத்தரத்தில் ஒரு விடுதிக் கல்லூரி இல்லை. இராமநாதன் தம் பொருளை இறக்கத் தேர்ந்தது அந்த வெற்றிடத்தை. ஏற்கெனவே பலர் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் தாமும் ஒரு பங்கு சேர்ப்பதைவிட, எவரும் நிற்காத இடத்தில் முழுப் பாரத்தையும் தாமே சுமப்பது மேல் என்பது அவர் கணக்கு என்றே அவரது செயல்கள் காட்டுகின்றன.

இடமும் யோசித்தே தெரிவு செய்யப்பட்டது. யாழ் நகரின் நடுவில் அன்றி, காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்தில், தோட்டங்கள் சூழ்ந்த விசாலமான காணியில் கல்லூரி எழுந்தது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியிருந்ததால் தூர இடத்துப் பிள்ளைகளும் வரலாம் என்ற நிலை இருந்தது. விடுதி, வகுப்பறை, வழிபாடு, உணவு அனைத்தும் ஒரே வளவுக்குள் அமைந்தன. 1913 ஜனவரியில் இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது.

கட்டடத்தை விடக் கடினமானது தலைமைக்கு ஆள் தேடுவது. இராமநாதன் செய்த தெரிவு ஊரை வியக்க வைத்திருக்கும். புளோரன்ஸ் ஃபார் என்ற ஆங்கிலப் பெண்மணி இலண்டன் நாடக மேடையில் பெயர் பெற்றவர். பெர்னாட் ஷாவின் நாடகங்களில் நடித்தவர். கவிஞர் யேற்ஸின் நெருங்கிய நண்பர். இலண்டனில் இராமநாதனைச் சந்தித்து இந்தியத் தத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். 1912இல் தம் உடைமைகளை விட்டுவிட்டு இலங்கைக்குக் கப்பலேறி, கல்லூரியின் முதல் தலைவியாகப் பொறுப்பேற்றார். ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர் தமிழ் கற்கவும் தொடங்கினார். பிற மதத்தவரின் பாடசாலைக்கு மாற்றாக எழுந்த ஒரு சைவக் கல்லூரிக்கு ஓர் ஆங்கிலேயப் பெண் தலைவியானது சிலருக்கு முரணாகப் பட்டிருக்கலாம். இராமநாதன் பார்த்தது பிறப்பை அல்ல. பிள்ளைகளின் சமயத்தையும் மொழியையும் மதிக்கும் மனத்தையே. புளோரன்ஸ் ஃபார் புற்றுநோயுற்று 1917 ஏப்ரலில் கொழும்பில் காலமானார். அவருடைய உடல் இந்து முறைப்படி தகனம் செய்யப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் கல்லூரியைத் தாங்கியவர் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார். அவுஸ்திரேலியாவில் ஹரிசன் என்ற குடும்பப் பெயரோடு பிறந்து, சைவத்தைத் தழுவி, லேடி இராமநாதனாக மருதனார்மடத்து வளவிலேயே வாழ்ந்தவர் அவர்.

இராமநாதன் கொடுத்த முறையையும் கவனிக்க வேண்டும். நன்கொடைப் பட்டியலில் பெயர் எழுதி, திறப்புவிழாவில் மாலை வாங்கிக்கொண்டு போகிறவராக அவர் இருக்கவில்லை. சொத்துகளைக் கல்லூரிக்கென ஒதுக்கினார். கட்டடம், பாடம், உணவு, ஒழுக்கம் என ஒவ்வொன்றிலும் அவர் கண் இருந்தது. இது பலமும் ஆகும், பலவீனமும் ஆகும். கொடுத்தவர் அருகில் நிற்கும்போது பணம் வீணாவதில்லை. ஆனால் கொடுத்தவரின் விருப்பமே சட்டமாகவும் ஆகிவிடுகிறது.

1921இல் ஆண்பிள்ளைகளுக்காகத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கும் முதலில் நினைவுக்கு வந்தது கோயில். கல்லூரி வளவிலேயே பரமேஸ்வரன் ஆலயம் எழுந்தது. ஆயினும் ஒரு குடும்பத்தால் ஒரு மாகாணத்துக்கே பாடசாலை கட்ட முடியாது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம், அதாவது நாம் இந்து போர்டு என்று அறிந்த அமைப்பு, உருவானபோது இராமநாதன் அதற்குத் துணைநின்றார். அதைத் தன் உழைப்பால் வளர்த்தவர் சு. இராசரத்தினம். பணக்காரர் ஒருவரின் இரண்டு பெரிய கல்லூரிகளோடு, ஊர் ஊராகச் சிறு பாடசாலைகளை நடத்தும் ஒரு பொது அமைப்பும் சேர்ந்தபோதுதான் யாழ்ப்பாணத்துச் சைவக் கல்வி வேரூன்றியது.

இதே ஆண்டுகளில் உலகின் வேறிடங்களிலும் செல்வர்கள் இதே கேள்விகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். கொச்சிக்கடையில் கருங்கல் திருப்பணி தொடங்கிய அதே 1907இல், நியூயோர்க்கில் ஒலிவியா சேஜ் என்ற விதவை, காலமான கணவரின் செல்வத்திலிருந்து ஒரு கோடி டொலரை ஒதுக்கி ரசல் சேஜ் அறநிலையத்தை நிறுவினார். அவரைப் பற்றி இந்த மலரில் சொல்வதற்குச் சிறப்புக் காரணம் உண்டு. அவர் ட்ரோய் நகரப் பெண்கள் பாடசாலை ஒன்றின் பழைய மாணவி, ஒருகாலத்து ஆசிரியை. அப்பாடசாலையின் பழைய மாணவியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். உதவி கேட்டு அவருக்கு வந்த கடிதங்கள் பல்லாயிரம். அத்தனையையும் ஒருவரே வாசித்து, இரக்கம் பிறந்த இடத்தில் கொடுப்பதை விட்டு, வறுமையின் காரணங்களை ஆராய அறிஞர்களை நியமித்து, ஒரு சபையின் மூலம் கொடுக்கும் முறையை அந்த அறநிலையம் வளர்த்தது. தம் பழைய பாடசாலைக்குப் புதிய வளவு அமையவும் அவர் பெருந்தொகை கொடுத்தார். இராமநாதன் கல்லூரி திறந்த 1913இலேயே ரொக்பெல்லர் அறநிலையமும் பிறந்தது. 1919இல் இந்தியாவில் சேர் ரத்தன் டாட்டா அறக்கட்டளை தோன்றியது. சபை, விண்ணப்பம், ஆய்வு, அறிக்கை என்பது அவர்கள் வழி. இராமநாதனின் வழி அதுவல்ல. தாமே தேர்ந்து, தாமே கட்டி, தாமே நடத்துவது.

அவருடைய சொந்த வீட்டிலேயே மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவினார். அவர் கண்ணில் பட்டது தோட்டத் தொழிலாளியின் துயரம். 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் அடைக்கலாம். துண்டு முறையில், தொழிலாளியின் கடன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதப்பட்டு, அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்கு ஆள் கைமாறுவார். அருணாசலமும் பெரி. சுந்தரம் போன்றோரும் இவற்றுக்கு எதிராகத் தொடர்ந்து குரல் எழுப்பினர். 1921ஆம் ஆண்டின் சட்டங்கள் சிறைத் தண்டனையையும் துண்டையும் ஒழித்தன. அருணாசலம் 1924இல் மறைந்தார். அண்ணன் விட்டுச் சென்றவை கல்லில் நிற்கின்றன. தம்பி விட்டுச் சென்றவற்றுக்குக் கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆனால் பலாங்கொடைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வாழ்வை இந்த இரண்டில் எது தொட்டது என்று கேட்டால், விடை தம்பியின் பக்கமே.

சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பார்க்கும்போது இராமநாதனின் தருமத்தின் எல்லை தெளிவாகத் தெரிகிறது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமார் தம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி செய்ய வேண்டுமென்றது. அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரைதான். பத்து வயதில் பிள்ளை கொழுந்துக் கூடையை எடுக்கும். 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் களனிவெளிச் சிறு ரயில் வந்துவிட்டது. பலாங்கொடையிலிருந்து ஓப்பநாயக்க சென்று ரயிலேறினால் கொழும்பு, அங்கிருந்து மருதனார்மடம். பாதை இருந்தது. ஆனால் பெட்டியாகலையிலோ ரஸ்ஸகலையிலோ கொழுந்து பறித்த தாய் ஒருத்தி தன் மகளை அந்த விடுதிக்கு அனுப்புவதை நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. கல்லூரி அவளுக்கு எதிராகக் கட்டப்பட்டதல்ல. அவளை நினைத்துக் கட்டப்பட்டதும் அல்ல. ஒரு வெற்றிடத்தைக் கண்டு நிரப்பிய கண், அதைவிடப் பெரிய வெற்றிடத்தைக் காணவில்லை.

அவரது அரசியலிலும் இதே எல்லை வெளிப்பட்டது. 1911இல் படித்த இலங்கையர் ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் சிங்களவரும் தமிழரும் வாக்களித்து அவரைத் தெரிவு செய்தனர். 1915 கலவரத்தின் பின் இராணுவச் சட்டத்தால் வதைபட்ட சிங்களத் தலைவர்களுக்காக அவர் அஞ்சாது போராடினார். அக்கலவரத்தில் கடைகளையும் உயிர்களையும் இழந்த முஸ்லிம் மக்களின் நெஞ்சில் அது ஆறாத வடுவாக நின்றதும் உண்மை. 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது அவர் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், பெண்கள் வாக்களிப்பதை விரும்பவில்லை. அதே ஆணைக்குழுவின் முன் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் தோன்றிய அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். 1930இல், எண்பதை நெருங்கிய வயதில், புதிய அரசியலமைப்புக்கு எதிராக வாதாட இராமநாதன் இலண்டன் வரை சென்றார். பயனில்லை. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். அதைக் காண அவர் இருக்கவில்லை.

1930 நவம்பரில் இராமநாதன் காலமானார். மருதனார்மடத்துக் கல்லூரி வளவிலேயே அவரது சமாதி இருக்கிறது. அவர் கட்டியவை அவர் எண்ணாத பயன்களையும் தந்தன. பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. மருதனார்மடத்தில் தொடங்கிய இசைக் கல்வி அதே பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவாக வளர்ந்தது. அங்கே இன்று மலையகத்துப் பிள்ளைகளும் பட்டம் பெறுகிறார்கள். கொடுத்தவர் நினைத்த வேலியைத் தாண்டி அவர் கொடுத்த நிலம் பலருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. நிலையான ஒன்றுக்குக் கொடுப்பதன் சிறப்பு இதுவே.

கனடாவிலும் இங்கிலாந்திலும், நீலகிரியிலும் வவுனியாவிலும், கொழும்பிலும் இன்னும் தோட்டங்களிலும் இருந்து இதை வாசிக்கும் பழைய மாணவியருக்கு இராமநாதனின் வாழ்வு சில நேரடியான பாடங்களைத் தருகிறது. பலர் கொடுக்கும் இடத்தை விட்டு, எவரும் கொடுக்காத இடத்தைத் தேட வேண்டும். கட்டடத்துக்குக் கொடுத்தால் அதன் பின் வரும் ஆண்டுகளுக்கும் கணக்குப் போட வேண்டும். திறப்புவிழாவுக்கு மறுநாள் முதல் மின்கட்டணமும் சம்பளமும் வரும். பணத்தைக் காட்டிலும் முதலில் தேட வேண்டியது பொறுப்பேற்கும் ஆளை. தனியொருவர் விருப்பத்தில் நில்லாமல், ஒரு குழு கணக்கோடும் அறிக்கையோடும் கொடுத்தால், கொடுத்தவர் காலத்துக்குப் பின்னும் அது நிற்கும். சில துயரங்களுக்குப் புலமைப்பரிசில் மருந்தல்ல. அருணாசலம் செய்தது போல நியாயத்துக்காகக் குரல் கொடுப்பதும் தருமமே.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பெயர்ப்பட்டியல் எழுதி முடித்த பின்னர் ஒரு முறை நிறுத்தி, இதில் யார் இல்லை என்று கேட்க வேண்டும். விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்றே அறியாத வீடுகள் உண்டு. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தும், உயர்தர வகுப்புக்கு நகரத்துக்குப் போகும் பஸ் காசு இல்லாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் கடிதம் எழுதிக் கேட்கமாட்டார்கள். அவர்களை நாம்தான் தோட்டத்துப் பாடசாலை அதிபரிடமும் ஆசிரியைகளிடமும் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். சேர் இராமநாதன் நமக்குக் கட்டிக் காட்டியது பெரிது. அவர் காணாமல் விட்ட பிள்ளையைத் தேடிப் போவது நம் பங்கு.